வாசகர் வட்டத்துக்கு அடுத்த அபுனைவு நூலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாவலைத் தேர்ந்தெடுக்கும் வாசகர் வட்டத்துக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு வழி எப்போதும் உண்டு. நூல் பிடிக்காமல் போனாலும் பாத்திரங்களின் மேல் கோபப்படலாம், முடிவு வேறு விதமாக அமைந்திருக்க வேண்டும் என்று வாதாடலாம், ஒரு மணி நேரம் ஓடிவிடும். வரலாறு, வாழ்க்கை வரலாறு, வேளாண்மை, நீர்ப் பங்கீடு, சமூகவியல், மருத்துவம் போன்ற துறைகளில் எழுதப்பட்ட நூலைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அந்த வசதி கிடையாது. அப்போது கூட்டம் பெரும்பாலும் இரண்டில் ஒரு விதமாக முடிகிறது. ஒருவர் அத்தியாயம் அத்தியாயமாகச் சுருக்கம் சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தேநீர் குடித்துக் கலைகிறார்கள்; அல்லது நூலை மூடி வைத்துவிட்டு, அதன் பொருளைப் பற்றித் தமக்கு முன்பே தெரிந்ததை எல்லோரும் பேசுகிறார்கள். காவிரி டெல்டாவில் இரண்டாவது வகைக்கே வாய்ப்பு அதிகம். ஆற்றைப் பற்றியும் பெரிய கோயிலைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் சொந்தக் கருத்து இல்லாத ஒருவரைத் தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை தேடினாலும் காண்பது அரிது.

ஆகவே, நூல் எதைப் பற்றியது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அது எதை நிறுவ முயல்கிறது, அதை நம் வட்டத்தில் உள்ளவர்கள் தம் படிப்பையும் அனுபவத்தையும் கொண்டு உரசிப் பார்க்க இயலுமா என்றும் கேட்க வேண்டும். கீழே சொல்லப்படும் நடைமுறைகள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு விடை காணும் வழிகளே. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட, மாதம் ஒரு முறை கூடும் வட்டத்தை மனத்தில் வைத்து இவை எழுதப்படுகின்றன.

நாட்காட்டியை முதலில் பார்க்க வேண்டும்

எவ்வளவு பெரிய நூலை எடுத்துக்கொள்வது என்பதை ஆசையை வைத்து முடிவு செய்யக் கூடாது. டெல்டாவில் வாசிப்புக்குக் கிடைக்கும் நேரத்தை ஆறும் பயிரும் பள்ளித் தேர்வும் தீர்மானிக்கின்றன. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அந்த ஆண்டு உரிய நாளில் தண்ணீர் வந்துவிட்டால், குறுவைக்கு நாற்று விடுவதும் உழவு ஓட்டுவதும் நடவுக்கு ஆள் தேடுவதுமாக, விவசாயம் செய்யும் உறுப்பினர்களின் மாலை நேரங்கள் போய்விடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை. வயலில் நின்ற நீர் வடிந்ததா என்ற கவலையும் மின்தடையும் சேர்ந்து தடித்த புத்தகங்களை மேசையிலேயே தூங்க வைக்கும். தை, மாசியில் சம்பா அறுவடை. நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்துக்கொண்டு எடை போடும் வரை காத்திருக்கும் நாட்கள் அவை. ஆசிரியர்களுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு, அதைத் தொடர்ந்து விடைத்தாள் திருத்தம். ஆக, எல்லோருக்கும் பொதுவாக எஞ்சும் நீண்ட இடைவெளி சித்திரை நடுவில் தொடங்கி வைகாசி முடிய உள்ள கோடைதான். 400 பக்கங்களைத் தாண்டும் நூலை அந்தக் கோடைக்கு ஒதுக்குங்கள். மழைக்கும் அறுவடைக்கும் உரிய மாதங்களில் 150 பக்கங்களுக்குள் அடங்கும் நூலோ, தனித்தனியே படிக்கத்தக்க கட்டுரைத் தொகுப்போ போதும்.

நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் என்று கணக்கிட்டால் ஒரு மாதத்தில் 300 பக்கம் வரும். வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இதுவே நியாயமான மேல்வரம்பு. பக்க எண்ணிக்கையை மட்டும் நம்பவும் கூடாது. டெம்மி அளவில் நெருக்கி அச்சிட்ட 250 பக்கமும், கிரௌன் அளவில் பெரிய எழுத்தில் அச்சிட்ட 250 பக்கமும் ஒன்றல்ல. அடிக்குறிப்புகள் மிகுந்த ஆய்வு நூல் இன்னும் மெதுவாகவே நகரும்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. முதலில் தொடராக வெளிவந்த நூல்கள் பெரிதாக இருந்தாலும் எளிதாகப் பிரியும். உ.வே.சாமிநாதையர் 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் எழுதி, தம் மறைவால் முற்றுப்பெறாமல் நின்றுபோன ‘என் சரித்திரம்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வாரத் தொடருக்காக எழுதப்பட்டதால் அதன் அத்தியாயங்கள் சிறியவை. உத்தமதானபுரத்து இளமைக் காலம், மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட ஆண்டுகள், கும்பகோணம் கல்லூரிப் பணியும் 1887-இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பும் என்று மூன்று கூட்டங்களாக அதை வகுத்துக்கொள்ளலாம். ஒரு வட்டம் ஆண்டுக்கு இத்தகைய நூல் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். இரண்டு எடுத்தால் உறுப்பினர்கள் குறைவார்கள்.

முன்மொழிபவரின் கடமை

ஒரு நூலை முன்மொழிபவர் அதன் முன்னுரையையும் குறைந்தது இரண்டு அத்தியாயங்களையும் படித்திருக்க வேண்டும் என்பதை வட்டத்தின் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் ஒரு நல்ல உரையைக் கேட்டுவிட்டு அந்த உற்சாகத்தில் முன்மொழியப்படும் நூல்களில் பல, உரையாற்றியவரின் திறமையால் ஒளி பெற்றவை. எழுத்தில் அந்த ஒளி இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. முன்மொழிபவருக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். ஆசிரியர் எதை நிறுவ முயல்கிறார் என்பதை ஒரே வாக்கியத்திலும், அதற்கு அவர் எவ்வகைச் சான்றுகளைப் பயன்படுத்துகிறார் என்பதை ஓரிரு வாக்கியங்களிலும் அவர் சொல்ல வேண்டும். அதன் பிறகு, நம் வட்டத்தில் யார் இதை மறுக்கக்கூடும், எந்த அடிப்படையில் மறுக்கக்கூடும் என்றும் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத நூல் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் தனியே படிப்பதற்கு உரியது.

எடுத்துக்காட்டாக, பசுமைப் புரட்சியைப் பற்றிய இரண்டு நூல்கள் பட்டியலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, இயற்கை வேளாண்மை நல்லது, ரசாயனம் கெட்டது என்பதைப் பல அத்தியாயங்களில் வலியுறுத்துகிறது. மற்றொன்று, 1960-களில் ஆடுதுறை 27 போன்ற நெல் ரகங்கள் தஞ்சை மாவட்டத்துக்கு வந்தபோது யாருக்கு விளைச்சல் கூடியது, கூலி எப்படி மாறியது, உரக்கடன் யாருக்குக் கிடைத்தது என்று ஆராய்கிறது. முதல் நூலுக்கு வட்டத்தில் எல்லோரும் தலையசைப்பார்கள், அல்லது பாதிப் பேர் கோபித்துக்கொள்வார்கள். எப்படியானாலும் உரையாடல் நகராது. இரண்டாவது நூலில், அந்தக் காலத்தில் வயலில் நின்ற பெரியவர் ஒருவர் ஒரு பக்கத்தைக் காட்டி, எங்கள் ஊரில் இப்படி நடக்கவில்லை என்று சொல்ல முடியும்; அவர் சொல்வது அவருடைய ஊருக்கு மட்டும் பொருந்துமா என்று இன்னொருவர் கேட்க முடியும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். நம் வட்டங்கள் பலவற்றில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியரோ பேராசிரியரோ ஒருவர் இருப்பார். அவர் ஒரு நூலைச் சொன்னதும், “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று மற்றவர்கள் பேச்சை முடித்துவிடுவார்கள். மரியாதை தவறல்ல, ஆனால் அந்த மரியாதையால் ஐந்தாறு மாதங்களுக்கு ஒருவருடைய ரசனையே எல்லோருடைய வாசிப்பாகிவிடும். இதற்கு எளிய மாற்று, நூல்களின் பெயர்களை யார் முன்மொழிந்தது என்று குறிக்காமல் சீட்டில் எழுதிப் போடச் சொல்லி, வயதில் இளையவரை முதலில் கருத்துச் சொல்லச் சொல்வதாகும். பெரும்பாலான சார்களும் டீச்சர்களும் இதை வரவேற்கவே செய்வார்கள்.

நூலை இருபது நிமிடம் சோதிப்பது

பட்டியல் மூன்று அல்லது நான்கு நூல்களாகச் சுருங்கியதும், ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்து இருபது நிமிடம் சோதிக்க வேண்டும். பின்னட்டையையும் அணிந்துரையையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அணிந்துரையில் குறை சொல்லும் மரபு நம்மிடம் இல்லை.

முதலில் பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். முதற்பதிப்பு எந்த ஆண்டு, இப்போது கையில் இருப்பது திருத்திய பதிப்பா, வெறும் மறுஅச்சா என்பது அபுனைவு நூலில் மிக முக்கியம். காவிரி நீர்ப் பங்கீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவர் மன்றம் 1991-இல் பிறப்பித்த இடைக்கால ஆணை, தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் விடச் சொன்னது. 2007-இல் வந்த இறுதித் தீர்ப்பில் அது 192 ஆயிற்று. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. 2005-இல் எழுதப்பட்ட நூலை 2020-இல் அப்படியே மறுஅச்சுச் செய்திருந்தால், அட்டை புதிதாக இருக்கும், கணக்கு பழையதாக இருக்கும். அதனாலேயே அந்த நூலைத் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை; அந்தக் காலத்து வாதத்தை அறிய அது உதவலாம். ஆனால் வட்டம் அதைத் தெரிந்துகொண்டே எடுக்க வேண்டும்.

அதே பொருளில், நூலின் வாதத்தை உறுப்பினர்கள் எப்படி உரசிப் பார்க்க முடியும் என்பதையும் காணலாம். 2018 தீர்ப்பில் குறைக்கப்பட்ட 14.75 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி., டெல்டாவில் கிடைக்கும் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு குறைக்கப்பட்டது, மீதி 4.75 பெங்களூருவின் குடிநீருக்காக. நிலத்தடி நீரைப் பற்றிய இந்தக் கருத்தை ஒரு நூல் விவாதித்திருந்தால், கடலோரத்து உறுப்பினர் ஒருவர் தம் ஊர் ஆழ்குழாய்க் கிணற்றில் நீர் எந்த ஆழத்தில் உப்புக் கரிக்கத் தொடங்குகிறது என்று சொல்லலாம். கும்பகோணம் பக்கத்து உறுப்பினர் பம்புசெட்டு வைத்துக் குறுவை செய்யும் தம் அனுபவத்தை அதன் எதிரே வைக்கலாம். தீர்ப்பின் தேதிகளை மட்டும் வரிசையாகத் தந்துவிட்டு, அதன் காரணங்களுக்குள் புகாத நூலில் இதற்கு இடமே இருக்காது.

இரண்டாவதாக, சான்றுகளைப் பாருங்கள். நூலில் உங்களுக்கு ஓரளவு தெரிந்த ஒரு செய்தியைத் தேர்ந்துகொண்டு, ஆசிரியர் அதற்கு என்ன ஆதாரம் காட்டுகிறார் என்று பின்தொடருங்கள். டெல்டாவாசிகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கல்லணையைப் பற்றிப் பேசாத டெல்டா வரலாற்று நூல் இல்லை. கரிகாலன் காவிரிக்குக் கரை எழுப்பினான் என்ற செய்தி, அவன் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட, முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் வருகிறது. கரை எழுப்பியது வேறு, ஆற்றின் குறுக்கே அணை கட்டியது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து, சான்று எது, மரபுச் செய்தி எது என்று சொல்லாமல் கடந்துபோகும் நூலும், இரண்டையும் பிரித்துக் காட்டி, 1830-களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் அணைகள் கட்டிய பிறகு ஆற்றின் போக்கில் நேர்ந்த மாற்றங்களையும் சொல்லும் நூலும் ஏறக்குறைய ஒரே தலைப்பில், ஒரே விலையில் கிடைக்கும். அந்த ஒரு பகுதியைப் படித்தாலே எதை எடுப்பது என்று விளங்கிவிடும்.

பெரிய கோயிலைப் பற்றிய நூல்களுக்கு இன்னும் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுதியிருந்தால் நூலைக் கீழே வைத்துவிடலாம். மாலையில் பிராகாரத்தில் நடப்பவர் எவரும் அந்த நிழலை மிதித்துக்கொண்டுதான் நடக்கிறார். அவ்வளவு எளிதாகச் சரிபார்க்கக்கூடியதைச் சரிபார்க்காதவர், சரிபார்க்க அரியவற்றில் கவனமாக இருந்திருப்பார் என்று நம்ப இடமில்லை. மாறாக, அக்கோயில் கல்வெட்டுகள் கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிரான நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயரோடும் அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்ற விவரத்தோடும் குறிப்பதை எடுத்துக்காட்டி, தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியின் எண்ணையும் தரும் நூல், வாசகரைத் தன்னோடு சேர்ந்து சரிபார்க்க அழைக்கிறது. வாசகர் வட்டத்துக்கு வேண்டியது அத்தகைய நூல்.

மூன்றாவதாக, ஆசிரியர் தமக்கு எதிரான கருத்தை எப்படி நடத்துகிறார் என்று பார்க்க வேண்டும். நடுவில் உள்ள ஓர் அத்தியாயத்தைப் பிரித்து, மாற்றுக் கருத்துடையவர்களின் வாதம் அவர்களே ஒப்புக்கொள்ளும் வகையில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். மறுப்பதற்கு வசதியாக எதிர்வாதத்தைச் சுருக்கிக் காட்டும் நூல், கூட்டத்தையும் அதே வழியில் இழுத்துச் செல்லும்.

பொருளடக்கம், சொல்லடைவு, துணைநூற்பட்டியல் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லடைவு இருந்தால் கூட்டத்தில் பக்கத்தைத் தேடும் நேரம் மிச்சமாகும். தமிழில் அது அருமை என்பதால் இல்லாமையைப் பெரிய குறையாகக் கொள்ள முடியாது.

மொழிபெயர்ப்பு நூலானால் ஒரு சோதனை கூடுதலாக வேண்டும். ஏதேனும் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். ஒரு வாக்கியத்தை இரண்டாம் முறை படித்தும் எழுவாய் எது, பயனிலை எது என்று தெரியாவிட்டால், அடுத்த 300 பக்கமும் அப்படித்தான் இருக்கும். மூல நூல் எவ்வளவு புகழ்பெற்றது என்பது இங்கே உதவாது. மொழிபெயர்ப்பாளரின் குறிப்பு இருந்தால் அதைத் தவறாமல் படியுங்கள். மூலத்தில் எதைச் சுருக்கினார், கலைச்சொற்களை எப்படி அமைத்தார் என்று சொல்லத் துணிந்தவர் பொதுவாகக் கவனத்துடன் வேலை செய்தவராகவே இருப்பார்.

சொந்த ஊரைப் பற்றிய நூல்கள்

டெல்டாவைப் பற்றிய நூலை எடுத்தால் கூட்டத்துக்கு ஆள் வரும், எல்லோரும் பேசுவார்கள் என்பது உண்மை. ஆனால் தொடர்ந்து இத்தகைய நூல்களையே எடுத்தால், வட்டம் தன் பெருமையையோ தன் குறையையோ திரும்பத் திரும்பக் கேட்கும் இடமாக ஆகிவிடும். ஊரைப் பற்றி ஒரு நூல், ஊருக்குத் தொடர்பில்லாத பொருளில் ஒரு நூல் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்கும் நூல்களும் உண்டு. கணிதத்தைக் கண்டு அஞ்சும் வட்டம்கூட, கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்து, நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசு வாங்கி, கல்லூரியில் மற்றப் பாடங்களில் தோற்றுப்போன ராமானுஜனின் வாழ்க்கை வரலாற்றின் வழியாக எண் கோட்பாட்டின் வாசல் வரை போய்வர முடியும்.

ஊரைப் பற்றிய நூல்களில், வெளியிலிருந்து வந்தவர் எழுதியது வட்டத்துக்கு மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. காத்லீன் கஃப் 1950-களின் தொடக்கத்திலும், ஆந்த்ரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்திலும் தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களில் தங்கி, சாதிக்கும் நிலத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார்கள்; கஃப் ‘கும்பாபேட்டை’ என்றும், பெத்தேய் ‘ஸ்ரீபுரம்’ என்றும் தாம் ஆராய்ந்த ஊர்களுக்குப் புனைபெயர் வைத்தார்கள். 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த காலத்தை ஒட்டி ஒருவரும், அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து மற்றவரும் எழுதியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது மாறியது, எது மாறியதாக நாம் நினைத்துக்கொள்கிறோம் என்று பேசுவதற்கு நிறைய இருக்கும். இத்தகைய ஆய்வுகளை முழுமையாகப் படிக்க முடியாத வட்டம், ஆளுக்கோர் அத்தியாயம் என்று பகிர்ந்துகொண்டு, ஒவ்வொருவரும் தம் அத்தியாயத்தின் வாதத்தை மற்றவர்களுக்குத் தமிழில் விளக்கலாம்.

காயம் ஆறாத பொருள்களில் நூலைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னும் நிதானம் வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைப் பற்றிய நூலை ஒரு டெல்டா வட்டம் எடுத்தால், அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் கூலி உயர்வு கேட்ட குடும்பத்தாரும் நிலம் வைத்திருந்த குடும்பத்தாரும் இருக்கக்கூடும். அதனால் எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வட்டம் தொடங்கிய முதல் சில மாதங்களில் எடுக்க வேண்டாம். ஒருவரையொருவர் மறுத்துப் பேசியும் அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் வந்த அனுபவம் ஏற்பட்ட பிறகு எடுக்கலாம். எடுக்கும்போது, உணர்ச்சி உரைகளின் தொகுப்பைவிட, கூலிப் போராட்டத்தின் பின்னணியையும் உயிர்தப்பியவர்களின் வாய்மொழியையும், கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்த வழக்கின் போக்கையும் ஆவணங்களோடு தரும் நூலைத் தேடுங்கள். அன்றைய கூட்டத்தை நடத்துபவர் யார் என்பதை நூலை முடிவு செய்யும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

படிகள் எங்கே கிடைக்கும்?

நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-இல் வகுத்த எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பன அவருடைய இரண்டாம், மூன்றாம் விதிகள். அந்த ஆண்டிலேயே மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றார்கள். நூல் வாசகரைத் தேடி வர வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆனாலும், ஐந்து ஊர்களில் சிதறி வாழும் பன்னிரண்டு பேருக்கு ஒரே நூலின் படிகளைச் சேர்ப்பது இன்றும் எளிதாகவில்லை. தேர்வு செய்த பிறகு படி கிடைக்காமல் கைவிடப்படும் நூல்களே அதிகம். ஆகவே வாக்கெடுப்புக்கு முன்பே இதை விசாரித்துவிட வேண்டும்.

பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு படிகள் தேவையில்லை. அருகருகே வசிக்கும் இருவருக்கு ஒரு படி என்று ஆறு படிகள் இருந்தால் ஒரு மாதத்தில் எல்லோரும் படித்துவிடலாம். மாவட்ட மைய நூலகத்திலும் பக்கத்துக் கிளை நூலகங்களிலும் எத்தனை படிகள் உள்ளன என்று நூலகரிடம் கேளுங்கள். நாம் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. பதிப்பாளரை நேரடியாகத் தொடர்புகொண்டு ஐந்தாறு படிகளை மொத்தமாக வாங்கினால் ஓரளவு தள்ளுபடி கிடைப்பது வழக்கம். மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கு இரண்டு பேரைப் பட்டியலோடு அனுப்பி, மேலே சொன்ன இருபது நிமிடச் சோதனையைக் கடையிலேயே செய்துவரச் சொல்லலாம். ஆனால் அங்கே பார்த்த மயக்கத்தில் பட்டியலில் இல்லாத நூலை வட்டத்துக்கென்று வாங்கி வர வேண்டாம்.

தஞ்சாவூரில் இருப்பவர்களுக்குச் சரசுவதி மகால் நூலகத்தின் பதிப்புகளும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் பதிப்புகளும் கைக்கெட்டும் தொலைவில் கிடைக்கின்றன. அவற்றில் பல, சுவடியிலிருந்து பதிப்பித்த மூல நூல்களாகவோ துறை சார்ந்த ஆய்வேடுகளாகவோ இருப்பதால், விலையைப் பார்த்து எடுத்துவிடாமல் முன்னுரையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பதிப்பில் இல்லாத நூலானால், ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டனவா என்று பாருங்கள். இந்தியச் சட்டப்படி அதன் பின் காப்புரிமை இல்லை என்பதால், அத்தகைய தமிழ் நூல்கள் பலவற்றை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம், அச்சிட்டும் பகிரலாம். காப்புரிமை உள்ள நூலை நகலெடுத்துச் சுற்றுக்கு விடுவது, ஏற்கெனவே சிறிய எண்ணிக்கையில் அச்சிடும் தமிழ்ப் பதிப்பாளரின் வயிற்றில் அடிப்பது.

வாக்கெடுப்பு

ஆளுக்கு ஒரு வாக்கு என்று வைத்தால், நான்கு நூல்கள் உள்ள பட்டியலில் பன்னிரண்டு பேரில் நான்கு பேர் விரும்பிய நூலே வென்றுவிடலாம். மற்ற எட்டுப் பேரும் அதைப் பாதியில் மூடி வைப்பார்கள். அதற்குப் பதிலாக, நான் இதைக் கடைசிவரை படித்துவிடுவேன் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய நூல்கள் எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் குறியிடச் சொல்லுங்கள். அதிகம் பேர் குறியிட்ட நூலை எடுங்கள். அது யாருக்கும் முதல் விருப்பமாக இல்லாமல்கூட இருக்கலாம். ஆனால் கூட்டத்துக்கு வருபவர்கள் படித்துவிட்டு வருவார்கள். இரண்டு நூல்கள் சமமாக வந்தால், சமீபத்தில் யாருடைய நூல் எடுக்கப்படவில்லையோ அவருடையதை எடுக்கலாம், அல்லது சீட்டுக் குலுக்கிப் போடலாம். இரண்டாவதாக வந்த நூலைக் கைவிடாமல் மாற்று நூலாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நூலின் படிகள் வந்து சேராவிட்டால் அது உதவும்.

முடிவை உறுதி செய்வதற்கு முன் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. முன்மொழிந்தவரும் இன்னொருவரும் சேர்ந்து, நூலின் முதல் முப்பது பக்கங்களைப் படித்துவிட்டு, ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிட முடியாத மூன்று கேள்விகளை எழுத வேண்டும். நூலைத் திறந்து வைத்துக்கொண்டு மட்டுமே விவாதிக்கக்கூடிய கேள்விகளாக அவை இருக்க வேண்டும். மூன்று கேள்விகள் தேறவில்லை என்றால் மாற்று நூலுக்குப் போய்விடுங்கள்; அதில் முன்மொழிந்தவருக்கு வருத்தம் ஏற்பட்டால், அந்த நூலைப் பற்றி ஒரு பக்க அறிமுகம் எழுதி வட்டத்துக்கு அனுப்பச் சொல்லலாம்.

வாட்ஸ்அப் குழுவில் அறிவிக்கும்போது நூலின் பெயரை மட்டும் போட்டால் போதாது. ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், எந்த ஆண்டுப் பதிப்பு, பக்கங்கள், விலை, படி யாரிடம் உள்ளது, கூட்டம் எந்த நாள், நடத்துபவர் யார் என்பவற்றோடு அந்த மூன்று கேள்விகளையும் சேர்த்து அனுப்புங்கள். பதிப்பு ஆண்டைக் குறிக்காவிட்டால் ஆளுக்கொரு பதிப்பை வாங்கி வந்து, கூட்டத்தில் பக்க எண்ணைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். மாதத்தின் நடுவில், எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறார்கள் என்று ஒரு முறை விசாரியுங்கள். பாதிப் பேர் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டவில்லை என்றால், முழு நூலை வலியுறுத்தாமல், வாதத்தின் மையமான இரண்டு மூன்று அத்தியாயங்களைத் தேர்ந்து அறிவித்துவிடுவது நல்லது. தேர்வாகாத நூல்களின் பெயர்களை, பெரியது, படி கிடைக்கவில்லை, மொழிபெயர்ப்பு சரியில்லை என்று ஒரு சொல்லில் காரணம் குறித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரியது என்று தள்ளப்பட்டவற்றைச் சித்திரையில் மீண்டும் எடுத்துப் பார்க்கலாம்.